சுரதாளக் குறிப்பும் அடிக்குறிப்பும்

புறநானூற்றின் ஓரடியை ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாள்பவர் பாட்டெண்ணும் அடியெண்ணும் தராமல் விடுவதில்லை. பாடபேதம் உள்ள இடமாயின் எவர் பதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்வார். சொல்லாவிட்டால் நெறியாளர் விடமாட்டார். நெறியாளர் விட்டாலும் வாய்மொழித் தேர்வில் யாரேனும் ஒருவர் கேட்டுவிடுவார். அதே ஆய்வாளர் ஒரு கீர்த்தனையின் சுரதாளக் குறிப்பை எடுத்தாள நேரும்போது இந்த ஒழுங்கு முழுவதும் எங்கேயோ போய்விடுகிறது. 'பின்னிணைப்பு 3' என்று தலைப்பிட்டு, இராகம் இன்னது, தாளம் இன்னது என்று எழுதி, நான்கு பக்கத்துக்குச் சுரங்களை அடுக்கி முடித்துவிடுகிறார். யார் பாடக் கேட்டது, யார் எழுதியது, எந்த நூலில், எந்தப் பதிப்பில் என்பதற்கு ஒரு வரியும் இராது. இசைத்தமிழ் பற்றிய ஆய்வேடுகளைப் புரட்டுவோர் இதை அடிக்கடி காணலாம்.

இது அடிக்குறிப்பு ஒழுங்கைப் பற்றிய சிறு குறையாக நமக்குத் தோன்றவில்லை. பாடலின் சொல்லைக் காட்டிலும் பாடலின் சுரம்தான் கைமாறும்போது அதிகம் மாறுவது. மாறக்கூடியது எதுவோ அதற்குத்தானே சான்று முதலில் வேண்டும்? நாமோ மாறாத சொல்லுக்குச் சான்று தருகிறோம். மாறும் சுரத்துக்குத் தருவதில்லை.

மேலை நாட்டு இசையியலார் இதில் வெகுகாலமாக ஒரு நெறியைப் பின்பற்றி வருகின்றனர். மோட்சார்ட்டின் படைப்புகளுக்குக் கோஷெல் என்பவர் 1862இல் எண்ணிட்டு அட்டவணை செய்தார். பாகின் படைப்புகளுக்கு ஷ்மீடரின் அட்டவணை 1950இல் வந்தது. அட்டவணை எண், பகுதி, பகுதிக்குள் எத்தனையாவது கட்டம் என்று மூன்று எண்களைச் சொன்னால் உலகின் எந்த மூலையிலிருப்பவரும் அந்த இடத்தில் விரலை வைத்துவிடலாம். அங்கே இயற்றியவரே எழுதியும் வைக்கிறார் என்பது இதற்கு அடிப்படை. இருந்தாலும் அவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. செல்லோ என்னும் கருவிக்குப் பாக் எழுதிய ஆறு தொகுதிகளின் கையெழுத்துப் படி அவர் கைப்பட எழுதியதாகக் கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்டலேனா எழுதிய படியும், கெல்னர் என்பவரின் படியும், பெயர் தெரியாதவர்கள் எழுதிய வேறு இரண்டு படிகளும்தான் அக்காலத்தவை. எந்தெந்தச் சுரங்களை வில்லின் ஒரே இழுப்பில் வாசிப்பது என்று காட்டும் வளைகோடுகள் படிக்குப் படி வேறுபடுகின்றன. ஆகவே அந்த வளைகோட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும் ஆய்வாளர், எந்தப் படி, எந்தப் பதிப்பு என்று சொல்லியே தீரவேண்டும். 'பாக் இவ்வாறு எழுதினார்' என்று அங்கே எழுத முடியாது.

நம் கருநாடக இசையில் ஏறத்தாழ எல்லாமே அந்தச் செல்லோ தொகுதிகளின் நிலையில்தான் இருக்கின்றன. தியாகராஜர் (1767–1847) கீர்த்தனைகளைப் பாடினார். சீடர்கள் கேட்டுப் பாடம் செய்தார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் மரபுகள் பிரிந்தன. ஒரே கீர்த்தனை மூன்று மரபிலும் மூன்று விதமாக ஒலித்தது. இதற்குப் 'பாடாந்தரம்' என்று பெயர். ஏட்டில் காணும் வேறுபாட்டைப் பாடபேதம் என்கிறோம். வாயில் காணும் வேறுபாட்டைப் பாடாந்தரம் என்கிறோம். இரண்டு சொல்லிலும் பாடம் என்ற சொல்லே நிற்பதைத் தமிழ் படித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு கால ஒற்றுமையையும் சுட்ட வேண்டும். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அச்சிட்டார். தம் முகவுரைகளில் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று ஊரும் பேருமாகப் பட்டியலிட்டார். அதே ஆண்டுகளில், அதே சென்னையில், இசைக்கும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. அதைச் செய்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. பட்டம் பெற்றவர், அரசாங்கத் தலைமைச் செயலகத்தில் அலுவல் பார்த்தவர், கிறித்தவர், மேலை இசையும் கற்றவர். கீழை நாட்டு இசையை ஐரோப்பியக் குறிமுறையில் தருவது என்ற திட்டத்துடன் 1890களின் தொடக்கத்தில் பகுதி பகுதியாக ஒரு வெளியீட்டை நடத்தினார். தியாகராஜர் கீர்த்தனைகளை ஐந்து கோட்டுக் குறிமுறையில் எழுதினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுகூட அப்போது ஆகியிருக்கவில்லை.

சின்னசாமி முதலியார் இப்பாடல்களை எங்கிருந்து பெற்றார்? தியாகராஜரின் நேர்ச் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதர். அந்தக் கிருஷ்ணசாமி பாகவதரைப் பாடச் சொல்லிக் கேட்டு எழுதினார். அச்செய்தியை மறைக்காமல் வெளிப்படையாகச் சொன்னார். எனவே இன்று அந்தக் குறிப்பைக் கையில் எடுப்பவர், 'இது தியாகராஜரின் சுரம்' என்று சொல்லாமல், 'வாலாஜாபேட்டை மரபில் கிருஷ்ணசாமி பாகவதர் பாடியதைச் சின்னசாமி முதலியார் எழுதிய சுரம்' என்று சொல்ல முடிகிறது. இந்த வாக்கியம் நீளமானது, அழகற்றது; ஆனால் உண்மையானது. அம்மரபின் கையெழுத்துச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன என்பதால், அச்சான குறிப்பைச் சுவடியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆய்வாளருக்கு வழியுண்டு. மூலம் சொல்லப்பட்டதால் கிடைத்த வழி அது.

சின்னசாமி முதலியார் செய்த இன்னொரு காரியம் இதைக் காட்டிலும் பெரிது. எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரிடம் (1839–1906) குடும்பச் சொத்தாக இருந்த பாடல்களை வெளியிடுமாறு வற்புறுத்தியவர் அவர். எட்டயபுரம் அரசரின் பொருளுதவியோடு 1904இல் அவ்வூர் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது 'சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி'. முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229 அதில் சுரப்படுத்தப்பட்டுள்ளன. வட இந்திய இசையறிஞர் பாத்கண்டே அதே 1904இல் எட்டயபுரத்துக்கே வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். இரண்டாண்டுகளில் தீட்சிதர் காலமானபோது இரங்கற்பா பாடியவர், அதே எட்டயபுரத்தில் பிறந்த பாரதி. பாரதி கவிதைகளைப் பலமுறை படித்தவர்களிலும் அந்த இரங்கற்பாவைத் தாண்டிச் சென்று 'யார் இந்தச் சுப்பராம தீட்சிதர்?' என்று கேட்டவர்கள் சிலரே.

இந்நூலை மேற்கோள் காட்டுவது எளிதன்று. முதலில், 'ப்ரதர்சினி கூறுகிறது' என்று எழுதினால் யார் கூறுவதாகக் கொள்வது? நூல் 72 மேளங்களின் வரிசையில் அமைந்துள்ளது. ஒவ்வொரு மேளத்தின் கீழும் இராகங்கள். ஓர் இராகத்தின் கீழ் முதலில் இலக்கணச் சுலோகம், பிறகு சுப்பராம தீட்சிதரின் விளக்கம், பிறகு கீதம், சில இடங்களில் தானம், பிறகு கீர்த்தனை, கடைசியில் பெரும்பாலும் சுப்பராம தீட்சிதரே இயற்றிய சஞ்சாரி. ஒரே இராகத்தின் நான்கைந்து பக்கங்களுக்குள் மூன்று தலைமுறைக்கு மேற்பட்டவர்களின் குரல்கள் கலந்து ஒலிக்கின்றன. சுலோகத்தையும் கீதத்தையும் அவர் வேங்கடமகியின் பெயரில் தருகிறார். ஆனால் அந்த இராக இலக்கணச் சுலோகங்கள் 17ஆம் நூற்றாண்டின் 'சதுர்தண்டி ப்ரகாசிகை' மூலத்தைச் சேர்ந்தவை அல்ல, பின்னால் வந்த அனுபந்தம் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. இந்நிலையில் சஞ்சாரியில் வரும் ஒரு சுரக்கோவையை எடுத்து, 'வேங்கடமகி காலத்தில் இவ்விராகம் இவ்வாறு இருந்தது' என்று எழுதினால் 250 ஆண்டுகளை ஒரே தாண்டாகத் தாண்டியதாகும். தொல்காப்பிய நூற்பாவுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரைவரியைத் தொல்காப்பியர் கூற்றாக எழுதும் மாணவனை நாம் எப்படிப் பார்ப்போம்?

அடுத்தது, கீர்த்தனையே ஆனாலும் அதன் சுரம் யாருடையது என்ற கேள்வி. முத்துஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835இல். சுப்பராம தீட்சிதர் பிறந்தது அதற்கு நான்காண்டுகள் கழித்து. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமர். பின் அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர். குடும்பத்துக்குள்ளேயே வந்த பாடம் என்பதால் நம்பகம் மிகுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இயற்றியவர் மறைந்து 69 ஆண்டுகள் கழித்து, அவரை நேரில் கேளாத ஒருவர் அச்சிட்டது. மிகச்சிறந்த சான்றுக்கும் இந்த அளவு இடைவெளி உண்டு என்பதை நாம் நினைவில் வைத்தால் போதும்.

'வாதாபி கணபதிம்' என்னும் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். ஹம்ஸத்வனி இராகம், கச்சேரிக்குச் செல்லாதவர்களும் அறிந்த பாட்டு. இன்று மேடையில் பல்லவி வரியைப் பாடகர் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வளர்த்து, சங்கதிகளை அடுக்கிக்கொண்டே போவார். ப்ரதர்சினியில் இப்பாடல் இருக்கிறது. ஆனால் அங்கே இந்த அடுக்குகள் இல்லை. வரி எளிமையாக நடந்து போகிறது. நாம் கேட்டுப் பழகிய சங்கதிகள் மகா வைத்தியநாதையர் (1844–1893) சேர்த்தவை என்று இசையுலகில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர்தாமா, அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்த்தார்களா என்பது இங்கே நம் கேள்வி அன்று. பிற்காலத்துச் சுரப்புத்தகம் ஒன்றிலிருந்து அச்சங்கதிகளைப் பெயர்த்தெடுத்து, 'படிப்படியாக வளரும் அமைப்பை முத்துஸ்வாமி தீட்சிதர் இக்கீர்த்தனையில் கையாளுகிறார்' என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், அவர் தீட்சிதரைப் புகழவில்லை. தீட்சிதர் பெயரில் வேறொருவரைப் புகழ்கிறார். புத்தகத்தின் பெயரும் ஆண்டும் அடிக்குறிப்பில் இருந்தால் இப்பிழையைப் பின்வருபவர் கண்டு திருத்தலாம். அவையும் இல்லையென்றால் பிழையே வரலாறாகிவிடும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு கவனம் தேவை. ப்ரதர்சினியைச் சென்னை மியூசிக் அகாதெமி தமிழ் எழுத்தில் 1961 முதல் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. நம்மில் பலர் கண்டிருப்பது இதையே. தெலுங்கு மூலத்தின் பக்க எண் வேறு, தமிழ்ப் பதிப்பின் பக்க எண் வேறு. 'ப்ரதர்சினி, 1904' என்று எழுதிவிட்டுத் தமிழ்ப் பதிப்பின் பக்க எண்ணைத் தருவது, பார்த்திராத நூலைப் பார்த்ததாகச் சொல்வதாகும். இந்நூலைப் பொறுத்தவரை பக்க எண்ணை நம்புவதைவிட மேள எண், இராகம், உருப்படி என்று சொல்வதே உறுதியான வழி. எந்த எழுத்தில், எந்தப் பதிப்பில் எடுத்தாலும் மேள வரிசை மாறாது. பாட்டெண்ணைப்போல அது நிலையானது.

பதிப்புக்குப் பதிப்பு குறிகளிலும் கண் வைக்கவேண்டும். சுப்பராம தீட்சிதர் சுரத்தை மட்டும் எழுதவில்லை. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஒரிகை என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்து, சுரத்தின் தலைமேல் இட்டார். அசையாத சுரம் வேறு, அசையும் சுரம் வேறு என்பதைக் கருநாடக இசை கேட்பவர் அறிவர். தோடியில் 'க' என்று ஓரெழுத்தால் எழுதப்படுவது, பாடும்போது ஒரே இடத்தில் நிற்பதில்லை. கீழும் மேலும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு 'க' என்று மட்டும் எழுதினால் எழுத்து இருக்கும், தோடி இராது. ஆய்வேட்டுக்காக ப்ரதர்சினியிலிருந்து சுரங்களைத் தட்டச்சு செய்பவர்கள் கமகக் குறிகளைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். விடுவதில் குற்றமில்லை, கணிப்பொறியில் அக்குறிகளை வரவழைப்பது பெரும்பாடு. 'கமகக் குறிகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

கணிப்பொறி என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. மேல் ஸ்தாயிச் சுரத்துக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது தமிழ்ச் சுரப்புத்தகங்களின் வழக்கம். தமிழில் எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்தாகிவிடும்! அச்சுக்கோப்பவர் காலத்தில் இரண்டு புள்ளியையும் பிரித்தறியும் கண் அவருக்கு இருந்தது. இன்று மேல் ஸ்தாயி 'ச' திரையில் 'ச்' என்று நிற்கிறது. இன்னும் சில இடங்களில், எழுத்துரு மாற்றும்போது புள்ளிகள் முற்றாக உதிர்ந்து மூன்று ஸ்தாயியும் ஒரு ஸ்தாயியாகிவிடுகின்றன. வேகத்தைக் காட்டும் மேற்கோடுகளுக்கும் இதே கதிதான். கோடு போனால் இரண்டாம் காலம் முதற்காலமாகி, தாளக் கணக்கு உதைக்கும். ஒரு ஆவர்த்தனத்தைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டிப் பார்ப்பவர்தான் வேண்டும்.

ஆவர்த்தனக் கணக்கிலும் ஓர் இடர் உண்டு. மேலை இசையில் கட்ட எண் சொல்வதுபோல நாம் 'அனுபல்லவி, 2ஆம் ஆவர்த்தனம்' என்று சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரே பாடலை ஒருவர் ஒரு களையிலும் இன்னொருவர் இரண்டு களையிலும் எழுதியிருப்பார். ஒருவருடைய இரண்டாம் ஆவர்த்தனம் மற்றவருடைய முதல் ஆவர்த்தனத்தின் பின்பாதியாகிவிடும். சங்கதிகளைத் தனித்தனி எழுதியவர் புத்தகத்தில் எண்ணிக்கை மேலும் ஏறும். ஆகவே ஆவர்த்தன எண்ணோடு, அச்சுரம் எந்தச் சொல்லின்மேல் விழுகிறது என்பதையும் சேர்த்துத் தருவதே வழி. சாகித்தியத்தின் அந்த ஒரு சொல் ஆணி அடித்ததுபோல் இடத்தைக் காட்டிவிடும். அடிக்குறிப்பு இவ்வாறு அமையலாம்: முத்துஸ்வாமி தீட்சிதர், 'வாதாபி கணபதிம்', ஹம்ஸத்வனி, ஆதி; சுரப்படுத்தியவர் சுப்பராம தீட்சிதர்; சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி, தமிழ்ப் பதிப்பு, மேளம் 29, அனுபல்லவி, இன்ன ஆவர்த்தனம், இன்ன சொல். ஒன்றரை வரிதான் ஆகிறது.

1904க்குப் பிறகான வரலாறு விரிவானது. இங்கே விரைந்தே சொல்வோம். தெலுங்கில் தச்சூர் சிங்கராசார்யலு சகோதரர்களின் சுரநூல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தன. தமிழ் எழுத்தில் கே.வி. ஸ்ரீநிவாச ஐயங்காரின் நூல்களும், கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயரின் தீட்சிதர் கீர்த்தனமாலைத் தொகுதிகளும், ரங்கராமானுஜ ஐயங்காரின் 'கிருதிமணிமாலை'யும் வந்தன. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் வரிசையாக வெளியிட்டது. மேடைக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற அவசரத் தேவையில் பிறந்த நூல்கள் அவை. அத்தேவையை நன்றாகவே நிறைவேற்றின.

இக்காலத்து நூல்களை எடுத்தாளும்போது எழும் சிக்கல் வேறு வகைப்பட்டது. பழைய பாட்டுக்குப் புதிய மெட்டு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் இன்று மேடையில் பெருவழக்காக உள்ள மெட்டுகளை அமைத்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967). முதற் பாசுரத்தை நாட்டையில் கேட்டுக் கேட்டு, ஆண்டாளே நாட்டையில் பாடினாள் என்று நம் மனம் நம்பத் தொடங்கிவிட்டது. சொல் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்டது. சுரம் இருபதாம் நூற்றாண்டினது. இந்தச் சுரத்தை வைத்து ஆண்டாளின் இசைப்புலமை பற்றி ஒரு கட்டுரை எழுதினால் அது அரியக்குடியின் புலமை பற்றிய கட்டுரையே ஆகும். அதுவும் எழுதத் தகுந்த பொருள்தான். தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தேவாரத்திலும் இதே எச்சரிக்கை தேவை. நட்டபாடைப் பண்ணை ஓதுவார்கள் இன்று கம்பீர நாட்டையில் பாடுகின்றனர். ஓர் ஓதுவார் பாடிய பதிவைக் கேட்டு நாமே சுரப்படுத்தினால், அது அந்த ஓதுவாரின் பாட்டுக்குச் சான்று. அவருடைய ஆசிரிய மரபுக்கு ஓரளவு சான்று. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தருக்கு அதை நேர்ச்சான்றாக வைக்க இயலாது. பாடியவர் யார், எந்த ஆண்டுப் பதிவு, சுரப்படுத்தியது யார், எந்தச் சுருதியைச் சட்ஜமாகக் கொண்டது என்ற நான்கும் அங்கே வேண்டும். சுரப்படுத்தியவர் ஆய்வாளரே என்றால் 'கேட்டு எழுதியது கட்டுரையாளர்' என்று தயங்காமல் எழுதலாம். தன் காதைச் சான்றாக வைப்பவர் தன் பெயரையும் வைப்பதே முறை.

உரிமை பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும். ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள அதே சட்டம் இடமளிக்கிறது. 1906இல் மறைந்த சுப்பராம தீட்சிதரின் மூலநூலுக்கு இக்கேள்வியே எழாது. பின்வந்த சுரநூல்களுக்கு எழும். பாடலை இயற்றியவர் இருநூறாண்டுக்கு முற்பட்டவராயினும், சுரப்படுத்தியவர் அண்மைக் காலத்தவராக இருக்கக்கூடும்.

சட்டத்தைவிட நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. சுரப்புத்தகத்தின் அட்டையில் பெயர் போட்டுக்கொண்டவர் எழுதியவர், அல்லது வெளியிட்டவர். அவர் எதிரே அமர்ந்து பாடிக்காட்டியவர் யார்? வீட்டுத் திண்ணையில் பாடம் சொன்ன முதியவர், கோயில் நாகசுரக்காரர், நட்டுவனார், தேவதாசி மரபில் வந்த பெண்மணி எனப் பாட்டைக் காத்து வைத்திருந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தார் காத்திராவிட்டால் பதங்களிலும் ஜாவளிகளிலும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அக்குடும்பத்தின் பிருந்தா ஜாவளிகளைச் சுரப்படுத்தித் தர, சென்னை மியூசிக் அகாதெமி அதை அவர் பெயரிலேயே நூலாக்கியது. இது நல்ல விதிவிலக்கு. ஏனைய இடங்களில் பாடியவர் பெயர் முகவுரையின் கடைசி வரியிலாவது இருக்கும். சில நூல்களில் அங்கும் இராது. முகவுரையில் ஒரு வரியாக எஞ்சிய அந்தப் பெயர், நூலை எடுத்தாளும் ஆய்வேட்டில் ஏறாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது இல்லாமலே போகும். ஏனெனில் அடுத்த தலைமுறை ஆய்வேட்டைப் பார்த்து ஆய்வேடு எழுதும். நூலைத் தேடிப் போகாது. சின்னசாமி முதலியார் கிருஷ்ணசாமி பாகவதரின் பெயரைச் சொன்னதைப் பெரிதாகப் பேசினோமே, அதன் காரணம் இதுதான்.

இசைக்குறிப்பை இடம் சுட்டி எடுத்தாள்வது நம்மால் இயலாத காரியமும் அன்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், குன்றின் பாறைமீது, ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டொன்று இருக்கிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்டைய இராகத்துக்குரியது, சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டப்பட்டு வரிசையாக நிற்கின்றன. 'ச' என்ற ஒரு சுரமே ச, சி, சு, செ என்று நான்கு உயிரேறி வருகிறது. அந்த உயிர்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. பந்தார்கர் இதைப் 'எபிகிராபியா இண்டிகா' 12ஆம் தொகுதியில் (1913–14) பதிப்பித்தார். பின்னர் எழுதிய எவரும், எப்பக்கம் நின்று வாதாடினாலும், எத்தனையாவது பகுதி, எத்தனையாவது வரி, எத்தனையாவது நாற்சுரக் கூட்டம் என்று சுட்டியே வாதாட முடிகிறது. கல்வெட்டு என்பதால் அந்த ஒழுங்கு தானே வந்துவிட்டது.

அக்கல்வெட்டின் இறுதியில் வடமொழியில் ஒரு குறிப்பு உண்டு. ருத்ராசாரியரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான அரசன் ஒருவன், மாணாக்கர் நலன் கருதி இச்சுரங்களைச் செய்தான் என்பது அதன் பொருள். எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற கருத்தில் ஒரு தமிழ்த் தொடரும் அதனருகே காணப்படுகிறது. ஆசிரியரின் பெயரைப் பொறித்த அரசன் தன் பெயரைப் பொறிக்காமல் விட்டுவிட்டான். அவன் மகேந்திரவர்மனா, வேறொருவனா என்ற வாதம் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.